சாகாத பூச்சிகள் உனக்கு வேண்டாம்

செந்தில்,

ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்குச் சொன்ன "சரி"யை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி. கோபம் வந்தால் உனக்கு மூக்கு நுனி சிவக்கும், அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் என்றால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "அம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். உன்னுடைய அந்த "அப்புறம்" எப்போது வரும் என்பது ஊருக்கே தெரியும்.

இதை உனக்கு மட்டும் எழுதவுமில்லை. என்னிடமிருந்து அந்தக் கழிவுநீர்த் தொட்டிச் சேற்றை வாங்கிப்போன மற்ற தொழிற்சாலைக்காரர்களுக்கும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பப்போகிறேன். ஓய்வுபெற்ற கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் முதலில் உனக்கு. ஏனென்றால் அவர்கள் தொட்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, உன் தொட்டி இன்னும் காலியாக இருக்கிறது.

நீ கேட்டது சின்ன விஷயம்தான். மாலூர் பக்கத்தில் புதிதாகத் திறக்கப்போகிற மருந்துத் தொழிற்சாலையில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பகுதி உன் பொறுப்பு. தொட்டி கட்டியாயிற்று, காற்று ஊதும் மோட்டார் மாட்டியாயிற்று. அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் கிருமிகள்தான் இல்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் பூச்சி என்று சொல்கிற கிருமிகள். சாணியைக் கரைத்து ஊற்றி, வெல்லமும் யூரியாவும் போட்டு அவற்றைப் புதிதாக வளர்ப்பதென்றால் மாதக்கணக்கில் ஆகும். என் பழைய ஃபேக்டரித் தொட்டியிலிருந்து இரண்டு டேங்கர் சேறு கொண்டுவந்து கொட்டினால் ஒரே வாரத்தில் தொட்டி தயார். "அம்மா, உன்னோட பூச்சிதான் ஊர்லயே ஸ்ட்ராங்குன்னு எங்க ஜி.எம்முக்கே தெரியும்மா. மஞ்சுநாத் அங்கிள்கிட்ட நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிட்டயர் ஆகி வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறவளை ஒரு ஜி.எம். நினைவில் வைத்திருக்கிறார் என்றால் சும்மாவா? நீ போனை வைத்த கையோடு மஞ்சுநாத்தைக் கூப்பிட்டேன். நான் போனபின் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தானே. "உங்க பையனுக்கு இல்லாததா மேடம், வியாழக்கிழமை டேங்கர் அனுப்பச் சொல்லுங்க" என்றார். அந்தச் சேறு வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதில் உனக்கு என்ன நஷ்டம் என்று தெரியாமல் சொல்லவில்லை. அடுத்த மாதம் உங்கள் சோதனை ஓட்டம். அது தேதிப்படி நடந்தால்தான் உன் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் பெண் வீட்டில் கல்யாண மண்டபம் பார்ப்பார்கள். சாணியில் ஆரம்பித்தால் எல்லாமே தள்ளிப்போகும். உன்னைத் தூக்கிவிட்டு வேறொருவனை வைத்தாலும் வைப்பார்கள்.  இதையெல்லாம் நினைத்து நேற்று மட்டும் மூன்று முறை இந்தப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன்.

தொண்ணூற்றொன்றில் நான் அங்கே லேப் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தபோது நீ முதல் வகுப்பு. ஓசூர் ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருந்த ஃபேக்டரி. கிருமிகளைக் கொல்லும் மருந்துக்கு மூலப்பொருள் தயாரிக்கும் இடம். கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் வேலைக்குப் போக யாருக்கும் மனமில்லை. நாற்றம் அப்படி. லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற புதுப் பெண்பிள்ளை தலையில் அதைக் கட்டினார்கள். நானும் ஒரு வீம்பில் ஒத்துக்கொண்டேன். ஆண்கள் முகம் சுளித்துவிட்டுப் போன இடத்தில் நின்று காட்டவேண்டும் என்கிற வீம்பு. உனக்கும் அது வந்திருக்கிறது, வேறெங்கிருந்து வரும்?

அந்தத் தொட்டியில் பூச்சிகள் நிலைத்ததே இல்லை. மருந்து செய்கிற பெரிய பாத்திரங்களைக் கழுவிவிட்ட தண்ணீர் வந்து சேரும். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் காபி நிறத்தில் இருந்த தொட்டி சாம்பல் நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டிருக்கும். அத்தனையும் செத்திருக்கும். கிருமியைக் கொல்லும் மருந்து கிருமியைக் கொல்கிறது, அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் பூச்சி செத்தால் தண்ணீர் சுத்தமாகாது, தண்ணீர் சுத்தமாகாவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வருகிற இன்ஸ்பெக்டர் நோட்டீஸ் ஒட்டுவார், உற்பத்தி நின்றுபோகும். உடனே மறுபடி சாணி. நம் தெருக்கோடியில் மாடு வைத்திருந்த முனியப்பா வீட்டில் சாணி வாங்கி, இரண்டு பிளாஸ்டிக் வாளியில் மூடிபோட்டுக் கட்டி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏம்மா, படிச்சவங்களா இருக்கீங்க, இதையெல்லாமா பஸ்ல எடுத்துட்டு வருவீங்க?" என்று பாதி வழியில் இறக்கிவிட்டுவிட்டார். அதற்கப்புறம் உன் அப்பாதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்தார். முன்னால் நீ நின்றுகொண்டு மூக்கைப் பிடித்துக்கொள்வாய், பின்னால் நான் இரண்டு வாளியோடு. "மாப்பிள்ளைக்குச் சீர் வரிசை போகுதுடா" என்பார் உன் அப்பா. டொம்லூர் சிக்னலில் நிற்கும்போது அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் நமக்கு மரியாதையாக இடம் விடுவார்கள்.

சாணி சுமந்து அலுத்துப்போய்த்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கழுவிய தண்ணீரை மொத்தமாகத் தொட்டியில் விடாமல் ஓரமாக ஒரு டிரம்மில் பிடித்துவைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். முதலில் ஒரு குவளை, அப்புறம் ஒரு வாளி. குழந்தைக்குக் காரம் பழக்குகிற மாதிரி. பாதி செத்தது, மீதி பிழைத்தது. பிழைத்ததற்கு வெல்லம் போட்டேன். கேன்டீன் தண்ணீரையும் கழிப்பறைத் தண்ணீரையும் அதே தொட்டிக்குத் திருப்பிவிட்டேன், பூச்சிக்கு நல்ல சாப்பாடு என்று. எல்லா ஃபேக்டரியிலும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் பாத்திரம் கழுவிய தண்ணீர் முழுவதும் எனக்குத் தெரியாமல் மொத்தமாக வந்து விழுந்துவிட்டது. தலையில் கைவைத்துக்கொண்டு காலையில் போய்ப் பார்க்கிறேன், தொட்டி அதே காபி நிறம். கண்ணாடி உருளையில் ஒரு லிட்டர் பிடித்துவைத்தால் சேறு அழகாக அடியில் இறங்கி மேலே தண்ணீர் தெளிந்து நிற்கிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அத்தனையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சின்னச் சின்ன மணிகள் மாதிரி காம்பில் ஆடுகிறவை, உருண்டு உருண்டு போகிறவை. நான் அங்கேயே கத்தினேன், "மஞ்சுநாத், பழகிடுச்சு! பூச்சி பழகிடுச்சு!" என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டிப்போய் ஸ்டூலில் ஏற்றி அந்த மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன், நினைவிருக்கிறதா? "அம்மா, இதெல்லாம் உன்னோடதா?" என்று கேட்டாய். நீ இந்தப் படிப்புக்குப் போனதற்கு அந்த ஸ்டூல்தான் காரணம் என்று நான் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்!

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காற்று ஊதும் மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தொட்டிக் கைப்பிடியில் சாமந்தி மாலை போட்டு, பொரி கடலை கொடுத்தோம். முதலாளியே வந்து பூசணிக்காய் உடைத்தார். இன்ஸ்பெக்டர் வரும்போதெல்லாம் எங்கள் தண்ணீர் பாஸ். விதியில் என்ன கேட்கிறார்கள் என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புளிப்பு எவ்வளவு, மிதக்கிற துகள் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, அழுக்கு மக்க எவ்வளவு பிராணவாயு பிடிக்கிறது. வெளியே போகிற தண்ணீரில் மீன் சாகாமல் நீந்தவேண்டும் என்றுகூட உண்டு. எங்கள் மீன்கள் கொழுகொழுவென்று நீந்தின. அந்தத் தண்ணீரில் மருந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. விதியிலும் இல்லை, இன்ஸ்பெக்டருக்கு அதைப் பார்க்கக் கருவியும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பாஸ் என்றால் பாஸ்.

அப்புறம்தான் கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஒரு ஃபேக்டரியில் தொட்டி செத்தால் இன்னொரு ஃபேக்டரியிலிருந்து சேறு கேட்டு வாங்குவது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிற மாதிரி. உறைமோருக்கு யாராவது காசு கேட்பார்களா? நானும் கேட்டதில்லை. பீனியாவிலிருந்து வந்தார்கள், பொம்மசந்திராவிலிருந்து வந்தார்கள், ஓசூர் சிப்காட்டிலிருந்துகூட வந்தார்கள். டேங்கர் முகப்பில் குங்குமம் வைத்து அனுப்புவேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற பெருமை எனக்கு. போன இடத்திலெல்லாம் அந்தப் பூச்சி பிடித்துக்கொண்டது. எந்த மருந்துத் தண்ணீர் வந்தாலும் சாகவில்லை.

இப்போது உன் அப்பா கால் விஷயத்துக்கு வருகிறேன். விரலை எடுத்த பிறகு புண் ஆறிவிட்டது என்று உனக்கு போனில் சொன்னது பொய். அவர்தான் சொல்லச் சொன்னார், "அவன் புது இடத்துல இருக்கான், அவனைப் போய் கலக்காதே" என்று. சர்க்கரைக்காரர் கால், ஆறத் தாமதமாகும் என்று நானும் முதலில் நினைத்தேன். ஒரு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. அதைவிடப் பெரிய மருந்து, அதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை, அதாவது நீ போன் பண்ணிய மறுநாள், கட்டு மாற்றப் போயிருந்தோம். நர்சிங் ஹோமில் அந்தச் சின்ன டாக்டரம்மா புண்ணில் எடுத்த சீழைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார், அதன் முடிவு வந்திருந்தது. "இந்தக் கிருமிக்கு நாம குடுக்கற எதுவும் ஆகலைம்மா. எல்லாத்துக்கும் பழகிடுச்சு. மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அதை ஊசியாத்தான் போடணும், அட்மிட் பண்ணிக்கலாம்" என்றார். அந்தப் "பழகிடுச்சு", அன்றைக்கு நான் தொட்டிப் பக்கத்தில் நின்று கத்திய அதே வார்த்தை. "என்னென்ன மருந்துக்குப் பழகியிருக்கு டாக்டர்?" என்று கேட்டேன். அவர் வரிசையாகச் சொன்னார். அதில் இரண்டு, பதினைந்து வருஷம் எங்கள் ஃபேக்டரிப் பாத்திரத்தில் செய்தவை.

எங்கள் தொட்டியிலிருந்து கிளம்பிய கிருமிதான் நடந்து வந்து உன் அப்பா காலில் ஏறியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நீயே என்னைப் பைத்தியம் என்பாய். மருந்துக் கடையில் சளிக்கும் காய்ச்சலுக்கும் கேட்டு வாங்கி விழுங்குகிறோமே, அதனாலும் இருக்கலாம். ஆஸ்பத்திரியிலேயே தொற்றியிருக்கலாம். டாக்டரம்மாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொன்னார். "ஒரு கிருமி பழகிட்டா அது சும்மா இருக்காதும்மா, பக்கத்துல இருக்கற வேற ஜாதிக் கிருமிக்கும் அதைக் குடுத்துடும்." அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தத் தொட்டிதான் கண்ணுக்குள் நிற்கிறது. சாணிப் பூச்சி, மருந்து, முந்நூறு பேர் கழிப்பறைத் தண்ணீர், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, காற்று ஊதி, வெல்லம் ஊட்டி வளர்த்திருக்கிறேன். வயிற்றுப்போக்குக் கிருமியும் அதில் இருந்திருக்குமே, அதுவும் சேர்ந்துதானே பழகியிருக்கும்? தெளிந்த தண்ணீர் மேலாக வழிந்து ராஜகாலுவேயில் விழும். அந்தக் கால்வாய் ஏரிக்குப் போகும், ஏரி நிறைந்தால் தென்பெண்ணைக்குப் போகும். தென்பெண்ணைத் தண்ணீரில்தான் ஓசூருக்குக் கீழே உன் சித்தி கொத்தமல்லி போடுகிறாள். அவள் பேத்தி வாய்க்காலில் நின்று காலைக் கழுவிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறது. நாம் ஊருக்குப் போகும்போதெல்லாம் கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி கொடுத்தனுப்புகிறாளே உன் சித்தி, அதை நான் பச்சையாக அரைத்துச் சட்னி வைத்திருக்கிறேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அவன் கேட்டதைக் குடுத்துத் தொலை. என் காலுக்கு ஆனது ஆயிடுச்சு, பையன் வேலைக்கு உலை வைக்காதே" என்றார். "நாளைக்கு அவன் கல்யாணம் நின்னு போச்சுன்னா உன் பூச்சியா வந்து பொண்ணு பார்க்கும்?" என்று சிரிப்பு வேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காலுக்காக நான் பயப்படுகிறேன், அவர் உனக்காகப் பயப்படுகிறார். யார் பயம் பெரியது என்று எப்படிச் சொல்வது?

நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். "அம்மா, நார்ம்ஸ்ல இல்லாததுக்கு நான் எங்க போவேன்? இருக்கறதை எல்லாம் கரெக்டா பண்றேன்ல?" என்பாய். சரிதான். விதியில் இல்லாததைச் செய்தாய் என்று உன்னை யாரும் பாராட்டப்போவதும் இல்லை, செய்யாவிட்டால் கேட்கப்போவதும் இல்லை. ஆனால் இந்த இரண்டு நாளாக நான் யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. எங்கள் தண்ணீரில் மருந்து இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பத்தில் ஒரு வழி இருந்தது. பூச்சி செத்தது. ஒவ்வொரு முறை செத்தபோதும் "மருந்து வருகிறது, மருந்து வருகிறது" என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைத் தொந்தரவு என்று நினைத்து, பழக்கிப் பழக்கி, வாயை அடைத்துவிட்டேன். அப்புறம் மருந்து வந்தாலும் எங்களுக்குத் தெரியவில்லை, தெரியாமலே வெளியே போயிற்று.

அதனால் சொல்கிறேன், நீ சாணியில் ஆரம்பி. மாலூரில் மாட்டுக்கா பஞ்சம்? உன் பூச்சி சாகட்டும். செத்தால் உற்பத்திக்காரர்களிடம் போய்ச் சண்டை போடு, உங்கள் மருந்து என் தொட்டிக்கு வருகிறது என்று. பாத்திரம் கழுவுகிற முதல் தண்ணீரைத் தனிக் குழாயில் எடுத்துத் தனியாகக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சுகிற கசடை எரித்துவிடச் சொல். அதற்குச் செலவாகும், முறைப்பார்கள். கழிப்பறைத் தண்ணீரை அந்தப் பக்கமே விடாதே, அதற்கு வேறு தொட்டி வை. இரண்டாவது தண்ணீரும் மூன்றாவது தண்ணீரும் உன் சாணிப் பூச்சி தாங்குகிற அளவுக்கு வந்தால் போதும். உங்கள் ஜி.எம். கத்தினால் சோதனை ஓட்டம் தள்ளிப்போனது ஓர் அறிவுகெட்ட கிழவியால் என்று என் பெயரைச் சொல். அவருக்குத்தான் என்னைத் தெரியுமே.

இதுவரை நேற்று, புதன்கிழமை எழுதினேன். இன்று காலை உன் அப்பாவை அட்மிட் செய்து வார்டில் விட்டுவிட்டு, ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்து மஞ்சுநாத்தைக் கூப்பிட்டேன், டேங்கர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்ல. அவர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் ஆரம்பித்தார். "ஆகலே தொகொண்டு ஹோத்ரு மேடம்! உங்க பையன் செவ்வாய்க்கிழமையே டேங்கரோட வந்து எடுத்துட்டுப் போயாச்சு. ஏன்டா, வியாழக்கிழமைதானேன்னு கேட்டேன். அம்மா யோசிச்சாங்கன்னா வேணாம்னு சொல்லிடுவாங்க அங்கிள், அதான் முன்னாடியே வந்துட்டேன்னான்" என்றார்.

அந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு நர்ஸ் வந்து "என்னம்மா, தலை சுத்துதா?" என்று தண்ணீர் கொடுத்தாள். எனக்குக் கோபம் வந்தது, என் மூக்கும் சிவந்திருக்கும். நான் யோசிப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. யோசித்தால் வேண்டாம் என்பேன் என்றும் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால், செந்தில், நீயும் யோசித்திருக்கிறாய். யோசித்து, பயந்து, அந்தப் பயத்தை என்னிடம் சொல்லாமல் டேங்கர் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாய். இரண்டு வருஷம் நான் உன் கையில் புத்தகத்தைக் கொடுத்து இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தேன், என்னிடம் பயத்தைச் சொல்லலாம் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

மஞ்சுநாத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சேறு உன் தொட்டியில் விழுந்தாயிற்று. ஆனால் உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை, தொட்டி நிரம்பி வழியும் அளவுக்குத் தண்ணீரும் வரவில்லை. ஆற்றுப் பக்கம் போகிற குழாய் இன்னும் மூடித்தான் இருக்கிறது. அப்படியென்றால் இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. காற்றை நிறுத்து. தெளியவிட்டு, சேற்றைக் காயப்போடுகிற படுகைக்கு ஏற்று, வெள்ளையாகத் தெரிகிறவரை சுண்ணாம்பு கொட்டு. மேலே நிற்கிற தண்ணீரிலும் சுண்ணாம்பு, அதற்கப்புறம் பிளீச்சிங் பவுடர். ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது. யாராவது கேட்டால் பூச்சி பிடிக்கவில்லை, செத்துவிட்டது என்று சொல். அதை நம்புவார்கள், தொட்டி சாவது இந்தத் தொழிலில் எல்லோரும் பார்த்ததுதான்.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடுகிறேன், நாளை உன் கையில் இருக்கும். சனிக்கிழமை உன் அத்தை வந்து அப்பாவுடன் வார்டில் இருப்பாள். நான் காலை முதல் பஸ்ஸில் மாலூர் வருகிறேன். பழைய கம்பூட்ஸ் பரண்மேல் இருந்தது, இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். கேட்டில் என் பெயரைச் சொல்லி வை. சொல்லாவிட்டாலும் வருவேன், செக்யூரிட்டி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ வெளியே வருகிறவரை காத்திருப்பேன். வந்தபின் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, உன் வேலையைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் அப்போது சேர்ந்து உட்கார்ந்து கவலைப்படலாம்.

அதுவரை அந்தக் குழாயைத் திறக்காதே, கண்ணா.

அம்மா